முள் நடுவில் நிற்கும்போது

பரமற்றாவில் இருந்த அந்த இசைக்கருவிக் கடையில் சச்சிதானந்தன் இடது தோளைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். அப்படி நின்றால் பேசுகிறவர் தானாகவே வலது பக்கத்துக்கு வந்துவிடுவார். சில மாதங்களாக எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தேடுவது ஒரு சுவரைத்தான்.

விற்பனையாளனுக்கு அடர்ந்த தாடி. உதடுகள் தெரியவில்லை. குரலும் கனத்த குரல். கனத்த குரல்கள் இப்போதெல்லாம் அவருக்குப் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தன. அவன் கேட்டது விளங்காமல் தலையாட்டினார். மறுபடி கேட்டான். மறுபடியும் தலையாட்டினார். பிறகு அவன் இரண்டு விரல்களால் காற்றில் எதையோ கவ்விக் காட்டினான். அப்போதுதான் விளங்கியது. சுருதி காட்டும் டியூனரில் கவ்வுகிற வகையா வேண்டும் என்று கேட்கிறான்.

"பேஸ் கிட்டாருக்கு," என்றார் ஆங்கிலத்தில். "வீட்டில் பழக. விலை கூடாததாக, ஆனால் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும்."

அவன் சில டியூனர்களைக் கண்ணாடி மேசையில் எடுத்து வைத்தான். ஒன்றில் மைக் இருந்தது. அமைதியான அறையில் அது நன்றாக வேலை செய்யும், பக்கத்தில் யாராவது பேசினால் குழம்பிவிடும் என்றான். இன்னொன்று காலால் மிதிப்பது. திறமான சாமான், ஆனால் மேடைக்காரருக்கு உரியது, விலையும் அதற்கேற்றபடி. பிறகு கவ்விகள். கிட்டாரின் தலையில் கவ்வவிட்டால் மரத்தின் அதிர்வை நேரே வாங்கிக்கொள்ளும். சுற்றி என்ன ஆரவாரம் நடந்தாலும் அதற்குக் கேட்காது.

கேட்காது என்பதை அவன் ஒரு நல்ல குணமாகச் சொன்னான்.

சுவரில் தொங்கிய ஒரு பேஸ் கிட்டாரைக் கழற்றி, ஆக மலிவான கவ்வியை மாட்டி, மிகத் தடித்த தந்தியைத் தட்டினான். திரையில் முள் அங்குமிங்கும் ஓடியது. சாதாரண கிட்டாருக்கு என்று செய்த டியூனர்களுக்கு அந்தத் தாழ்ந்த ஒலி பிடிபடுவதில்லை என்றான். அடுத்ததை மாட்டினான். முள் சற்று யோசித்து, நடுவில் வந்து நின்றது. திரை பச்சையானது. முள் தடுமாறினால் தந்தியின் நடுப்பகுதியில், பன்னிரண்டாம் கட்டையில் விரலை மெல்லத் தொட்டுத் தட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வழியும் சொல்லித் தந்தான்.

கடைசியாக ஒன்றை எடுத்தான். அதில் அடிப்படைச் சுருதியையே கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான் இருந்தது. "உங்களுக்கு இது தேவைப்படாது," என்றான். "எல்லாரும் ஒரே சுருதிக்குத்தான் வைக்கிறார்கள்."

சச்சிதானந்தன் பச்சை காட்டிய இரண்டாவது கவ்வியையே எடுத்தார்.

"புதிதாகப் பழகத் தொடங்குகிறீர்களா?" என்று அவன் கேட்டது தெளிவாகவே விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் கார் பற்றரியில் அம்ப்ளிஃபயர் போட்டு வாசித்தவர் அவர். அப்போது பத்தொன்பது வயது. இப்போது தலைமுடியில் பாதி வெள்ளை.

"ஆம்," என்றார். "இப்போதுதான் தொடங்குகிறேன்."

சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில்தான் அவர் தன் காதின் கோளாறைக் கண்டுபிடித்தார். தொலைபேசியை வலது காதில் வைத்திருந்தவர், எழுதுவதற்காக இடது காதுக்கு மாற்றினார். எண்ணை அழுத்துவதற்கு முன் வருகிற அந்த ஒற்றை ஒலி கீழே இறங்கியிருந்தது. மறுபடி வலது காதில் வைத்தார். ஏறியது. ஒரே தொலைபேசி, ஒரே ஒலி. பக்கத்து மேசைப் பெண் பார்க்கும்வரை அவர் அதை இரண்டு காதுகளுக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

காது வைத்தியர் ஒரு படம் வரைந்து காட்டினார். உட்காதில் இருக்கும் நீரின் அழுத்தம் கூடுகிறது. தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். சில நாள் திரும்பி வரும், சில நாள் வராது. தலை சுற்றலாம். ஒரு சுரத்தை ஒரு காது சரியாகவும் மற்றது தவறாகவும் கேட்கலாம். உப்பைக் குறையுங்கள் என்றார்.

சச்சிதானந்தன் வீட்டுக்கு வந்து மனைவி குமுதினியிடம் தனக்குப் பிரஷர் என்று சொன்னார்.

அவள் மறு பேச்சில்லாமல் அடுத்த நாளிலிருந்து இரண்டு சட்டியில் சமைக்கத் தொடங்கினாள். ஒன்று உப்போடு, ஒன்று இல்லாமல். சந்தித்தவர்களிடமெல்லாம் இவருக்குப் பிரஷர் என்று சொன்னாள். அவர்களும் வெள்ளைப்பூடு, முருங்கையிலை என்று மருந்து சொன்னார்கள். அந்தப் பொய் அவருக்கு வசதியாக இருந்தது. பிரஷர் என்றால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

அவர் இயல்பாகவே பேச்சுக் குறைந்தவர். வீட்டில் தொலைக்காட்சி அணைந்திருக்கும் நேரங்களையும் ரயிலில் யாரும் பேசாத பெட்டிகளையும் விரும்பியவர். அந்த அமைதியும் இப்போது அவருக்கு இல்லை. இடது காதுக்குள் எந்நேரமும் பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. எல்லாரும் உறங்கிய வீட்டிலும் அவர் அதோடு தனியாக இருந்தார்.

ஆனால் அவர் பயந்தது அந்த இரைச்சலுக்கு அல்ல. பிளாக்டவுனில் அரியரத்தினத்தின் கராஜில் ஞாயிறுதோறும் கூடும் இசைக்குழுவுக்குத்தான்.

அரியரத்தினம் அவரைவிட மூத்தவர். ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார். ட்ரம்ஸ் வாசிப்பவன் சிறி. கீபோர்டில் நரேன், கோயம்புத்தூர்க்காரன், கணினித் துறையில் வேலை. கெல்லிவில்லிலிருந்து வருவான். கலியாண வீடுகள், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்கள், நிதி சேர்ப்பு நிகழ்ச்சிகள் என்று பல ஆண்டுகளாக இவர்கள் நால்வரும்தான். பாடுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். அந்தக் கராஜில் சச்சிதானந்தன் பேசத் தேவையில்லை. அவர் பேசாமல் இருப்பதை அங்கே யாரும் குறையாக எடுத்ததும் இல்லை. வந்து, கதிரையில் இருந்து, விரலைத் தந்தியில் வைத்தால் போதும்.

குளிர்காலத்தில் நரேன் ஒரு புதிய கீபோர்ட் வாங்கியிருந்தான். அதன் கட்டைகளை இரண்டாகப் பிரிக்கலாம். வலது கைக்கு வயலின், இடது கைக்கு பேஸ் கிட்டார். முதல் நாள் அவன் அதை வாசித்துக் காட்டியபோது சிறி சிரித்தபடி சொன்னான்:

"சச்சியண்ணை, உங்கட வேலை போச்சு. இவன்ர இடது கைக்குச் சாப்பாடும் போடத் தேவையில்லை."

"சும்மா இருடா," என்றார் அரியரத்தினம். ஆனால் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் நல்லாத்தான் கிடக்கு."

ஒரு நகைச்சுவைதான். சச்சிதானந்தனும் சிரித்தார். ஆனால் வேறு குழுக்களில் பேஸ் வாசித்தவர்கள் இப்படித்தான் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள் என்பது அவருக்குத் தெரியும். யாரும் அவர்களை வரவேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பு வராது. பிறகு அடுத்ததற்கும் வராது. காது போனவன் என்று தெரிந்துவிட்டால் அதற்கு ஒரு வருத்தமான நியாயமும் கிடைத்துவிடும்.

செப்ரெம்பரில் பழைய மாணவர் சங்கத்தின் மத்தியான ஒன்றுகூடல் இருந்தது. அதற்காகத்தான் டியூனர்.

வீட்டில், துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். கவ்வியைத் தலையில் மாட்டினார். ஒவ்வொரு தந்தியாகத் தட்டினார். தடித்த தந்திக்கு முள் தடுமாறியது. தாடிக்காரன் சொன்னபடி பன்னிரண்டாம் கட்டையில் விரலை வைத்துத் தட்டினார். நின்றது. பச்சை.

காது என்ன சொன்னாலும் திரை மாறவில்லை. காலையில் காது நன்றாக இருந்தால் திரையும் காதும் ஒத்துப்போயின. மாலையில் காது அடைத்துக்கொண்டால் திரை மட்டும் சரியாக நின்றது. கட்டைகளில் விரல் எங்கே போக வேண்டும் என்பது அவருக்குக் காதால் தெரிந்த விஷயம் அல்ல. அது கையில் இருந்தது. தந்திகள் மட்டும் சரியாக நின்றால் மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். இப்படியே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று நினைத்தார். யாருக்கும் தெரியாமலே ஓட்டிவிடலாம்.

குமுதினி துணியோடு வந்தவள் கதவில் நின்றாள்.

"இதென்ன, வெளிச்சம் எல்லாம் எரியுது?"

"சுருதி பாக்கிறது."

"நீங்கள் காதாலதானே பாக்கிறனீங்கள்?"

"இது சுகம்."

அவள் துணியை மெசினுக்குள் போட்டாள். "எனக்கெண்டா உங்கட சத்தம் எது எண்டு இவ்வளவு காலமும் தெரியாது. பாட்டுக் கேக்கும், ட்ரம்ஸ் கேக்கும். நீங்கள் கையை ஆட்டிக்கொண்டு நிப்பீங்கள்."

அதில் கேலி இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். மெசின் நீர் பிடிக்கத் தொடங்கியதும் அவருக்கு மற்ற எல்லாம் மறைந்துபோயின.

ஒன்றுகூடலுக்கு முந்திய ஞாயிறு அவர் கராஜுக்கு வேளைக்கே போனார். மற்றவர்கள் வருவதற்குள் நான்கு தந்திகளையும் பச்சைக்குக் கொண்டுவந்தார். அரியரத்தினத்தின் மனைவி கொடுத்தனுப்பிய பொரித்த ரோல்ஸ் தட்டை அரியரத்தினமே தூக்கிக்கொண்டு வந்தார்.

"உனக்கில்லை, சச்சி. பிரஷர்காரனுக்கு உப்பு ஆகாது. குமுதினி சொன்னவ."

"அப்ப அண்ணையின்ர பங்கு எனக்கு," என்று சிறி எடுத்தான்.

முதல் பாட்டைத் தொடங்கினார்கள். பல்லவி முடியவில்லை, அரியரத்தினம் துருத்தியிலிருந்து கையை எடுத்தார்.

"சச்சி, ஒருக்காப் பார். கொஞ்சம் கீழ நிக்குது."

சச்சிதானந்தன் தந்தியைத் தட்டினார். முள் நடுவில் நின்றது. பச்சை.

"சரியாத்தான் இருக்கு அண்ணை."

மறுபடி தொடங்கினார்கள். மறுபடி நிறுத்தினார். இம்முறை கீபோர்டிலிருந்து நரேனும் நிமிர்ந்து பார்த்தான். சச்சிதானந்தன் நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாகத் தட்டித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்கும் பச்சை.

"எனக்குக் காதில குத்துதடாப்பா," என்றார் அரியரத்தினம்.

"மெசின் பொய் சொல்லாது அண்ணை."

அவர் குரல் உயர்ந்திருந்தது. அந்தக் கராஜில் அவர் குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை. சிறி ஒரு துண்டு ரோல்ஸை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "மெசினுக்கும் பிரஷராக்கும்."

நரேன் எழுந்து வந்தான். "குடுங்க அண்ணா, ஒரு நிமிஷம்." டியூனரைக் கழற்றி ஆர்மோனியத்தின் மேற்பலகை விளிம்பில் கவ்வவிட்டான். "அங்கிள், சட்ஜமம் பிடிங்க."

அரியரத்தினம் பிடித்தார். முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. திரை சிவப்பு.

நரேன் சிரித்துவிட்டான். "அங்கிள், உங்க பெட்டிதான் மேல நிக்குது. அட, ஆமா. நான் முதல்ல வந்தப்போ உங்க பெட்டிக்கு ஒத்து வரலைன்னு என் பழைய கீபோர்டோட சுருதியைக் கூட்டி வச்சேன். புதுசு வாங்கினப்பவும் அந்த நம்பரையே போட்டேன். ஏன்னு யோசிக்கவே இல்ல. இத்தன வருஷமா நாம எல்லாரும் உலகத்தை விடக் கொஞ்சம் மேலதான் வாசிச்சிருக்கோம்."

"என்ர பெட்டி பிழையோ?" அரியரத்தினத்தின் முகம் சுண்டிப்போனது. "வெள்ளவத்தையில திருத்தினவன் திறம் எண்டு சொல்லித்தான் தந்தவன்."

"பிழை இல்ல அங்கிள். அதுக்கு அது சரி. நமக்குள்ள எல்லாரும் ஒண்ணா இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" நரேன் டியூனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல சுருதி மாத்துற பொத்தான் இல்லையா? சரி விடுங்க சச்சி அண்ணா. காதாலயே புடிச்சிருங்க. எப்பவும் அப்படித்தானே."

அரியரத்தினம் கட்டையை அழுத்தித் துருத்தியை இழுத்தார். எல்லாரும் அவருக்காகப் பேச்சை நிறுத்தினார்கள்.

அன்று காது அடைத்த நாள். ஆர்மோனியத்தின் ஒற்றை ஒலி அவருக்குள் இரண்டாகப் பிரிந்து வந்தது. எது உண்மையானது என்று தெரியவில்லை. தந்தியைத் தட்டினார். அது மூன்றாவது ஒலியாகச் சேர்ந்தது. முறுக்காணியைக் கூட்டினார். பிறகு குறைத்தார். அரியரத்தினத்தின் புருவத்தைப் பார்த்தார். புருவம் சுருங்கினால் குறைத்தார், இளகினால் நிறுத்தினார். ஆனால் அரியரத்தினம் மரியாதைக்காக முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். துருத்தி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சிறி ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டான். அந்தக் கராஜில் அப்படி ஒரு மௌனம் அதற்கு முன் இருந்ததில்லை. அவருக்குப் பிடித்த வகை மௌனம் அல்ல அது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மௌனம்.

கடைசியில் எழுந்து ஆர்மோனியத்தில் இருந்த டியூனரைக் குனிந்து பார்த்தார். சிவப்பில் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டார். அதைக் கழற்றித் தன் கிட்டாரில் மாட்டினார். ஒவ்வொரு தந்தியையும் பச்சையைத் தாண்டி, அதே சிவப்புக் கோட்டுக்கு ஏற்றினார். கண்ணை எடுக்கவில்லை. நான்கு தந்திகளும் முடிந்தபின் நிமிர்ந்தார்.

"இப்ப சரி," என்றார் அரியரத்தினம்.

ஆனால் யாரும் பாட்டைத் தொடங்கவில்லை.

"சச்சி," அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதால் அது இன்னும் மங்கியது. பிறகு அதை உணர்ந்தவர்போல மறுபடி உரத்துச் சொன்னார். "உனக்குக் காது கேக்கேல்லையோ?"

"கேக்குது," என்றார் சச்சிதானந்தன். "பிழையாக் கேக்குது."

"எவ்வளவு நாளா?"

"குளிர் தொடங்க முன்னமே."

சிறி ட்ரம்மின் ஒரு திருகாணியைத் தேவையில்லாமல் இறுக்கினான். நரேன் கீபோர்டுக்குத் திரும்பிப் போனான். அதன் பிறகு எல்லாப் பாட்டுகளையும் வாசித்தார்கள். எதிலும் பிழை இல்லை. புறப்படும்போது அரியரத்தினம் மீதி ரோல்ஸை அவருக்குப் பொதி செய்து கொடுத்தார். பிரஷர் நினைவு அவருக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குசினியில் குமுதினியின் கைத்தொலைபேசி அடித்தது. சச்சிதானந்தன் மேசையில் இருந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் "சொல்லுங்கோ அரியண்ணை" என்றாள். பிறகு நெடுநேரம் பேசவில்லை. "எனக்குத் தெரியாது அண்ணை," என்றாள். பிறகு "ஓம், ஓம்." அடுப்பில் உப்பில்லாத சட்டி கொதித்தது. அவள் அணைக்கவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சுற்றி வந்து அவருடைய வலது பக்கத்தில் நின்றாள். அப்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

"உங்களுக்குப் போனில கேக்காதெண்டு நினைச்சு எனக்கு எடுத்தவராம்."

அவர் தாளை மடித்தார்.

"பிரஷர் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"பிரஷர் எல்லாருக்கும் இருக்கு."

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். "இரவில நான் ஏதும் கேட்டா நீங்கள் திரும்பாமல் படுத்திருப்பீங்கள். நான் கோவம் எண்டு நினைச்சன். என்ன பிழை விட்டனான் எண்டு யோசிச்சுக்கொண்டு கிடப்பன். எத்தினை நாள்."

வலது பக்கமாகப் படுத்தால் நல்ல காது தலையணைக்குள் போய்விடும். அவர் அதை இதுவரை அவளுடைய பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்ததில்லை. அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"ஒண்டுகூடலுக்கு வழமைபோல வந்து வாசிக்கட்டாம். நரேனும் இடது கையில போடுவானாம். ஒரு பாதுகாப்புக்காம்."

"சரி," என்றார்.

மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். மேடையில் அரியரத்தினமும் ஆர்மோனியமும் நடுவில். ஒரு பக்கம் சச்சிதானந்தன், மறு பக்கம் நரேன். நரேனின் முன்னால் பாட்டுத் தாள்கள் வைத்த தாங்கி நின்றது. அவன் முகம் தெரிந்தது, கைகள் தெரியவில்லை. பெரிய ஒலிபெருக்கிகள் சபையைப் பார்த்து நின்றன. மேடையில் இருப்பவருக்குக் கேட்பது தன் பின்னால் உள்ள சின்னப் பெட்டியின் சத்தம் மட்டுமே. அதுவும் சச்சிதானந்தனுக்கு அரைகுறை.

டியூனரைப் பார்த்துத் தந்திகளைச் சிவப்புக் கோட்டில் நிறுத்தியிருந்தார். பாட்டு போய்க்கொண்டிருந்தது. கை தன் வழியில் போனது. ஆனால் வெளியே போகும் சத்தம் யாருடையது? ஒலிக்காரனிடம் அரியரத்தினம் காதோடு ஏதோ சொன்னதை அவர் கண்டிருந்தார். தன்னுடைய சத்தத்தை முழுவதும் அடைத்துவிட்டு, நரேனின் இடது கையைத் திறந்துவிட்டிருக்கலாம். மேடையில் நிற்கட்டும், மனம் நோகாது என்று நினைத்திருக்கலாம். நல்ல மனிதர்கள். அப்படித்தான் செய்வார்கள்.

நரேனிடம் கேட்டிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அவன் மறைக்கத் தெரியாதவன். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடும் என்பதுதான் கேட்காததற்குக் காரணம்.

மூன்றாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் அவர் விரல்களைத் தந்தியிலிருந்து எடுத்தார்.

ஒரு தாளவட்டம் மட்டும். நரேனின் கை ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவருக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் அவர் நினைத்தது.

அரியரத்தினம் திரும்பிப் பார்த்தார். பாடிய வரி நடுவில் தொங்கியது. அடுத்த சொல்லை அவர் தேடுவது சபைக்கே தெரிந்தது. சிறியின் குச்சி ஒரு அடி பிந்தியது. சாப்பாட்டுத் தட்டுகளிலிருந்து சிலர் தலை நிமிர்ந்தார்கள். முன் வரிசையில் குமுதினியும் நிமிர்ந்தாள். தாங்கிக்கு மேலாக நரேன் இரண்டு கைகளையும் தூக்கியபடி திகைத்து நின்றான். இரண்டு கைகளும் வலது பக்கக் கட்டைகளின் மேல்தான் இருந்திருக்கின்றன.

சச்சிதானந்தன் அவசரமாக உள்ளே நுழைந்தார். தவறான அடியில் நுழைந்தார். சரிப்படுத்த இன்னும் ஒரு வட்டம் பிடித்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்தது, மரியாதைக்குரிய அளவில்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் அரியரத்தினம் தேநீரை வாங்காமல் அவரிடம் வந்தார்.

"ஏன் நிப்பாட்டினனீ?"

நீங்கள் என்னை அடைத்துவிட்டீர்களா என்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? இந்த மனிதர் அவருக்கு ரோல்ஸ் பொதி செய்து கொடுத்தவர்.

"தலை சுத்தினது," என்றார்.

அரியரத்தினத்தின் கோபம் அந்தக் கணமே வடிந்தது. அவருடைய தோளைப் பிடித்து ஒரு கதிரையில் இருத்தினார். "சொல்லியிருக்கலாமே. நான் ஒரு விசரன், கத்திறன்." தண்ணீர் எடுத்து வரப் போனார்.

நரேன் குந்தி, அவர் முகத்துக்கு நேரே வந்தான். மெதுவாக, தெளிவாகப் பேசினான். "அண்ணா, நான் இடது கை போடவே இல்ல. அங்கிள் சொன்னப்போ சரின்னு தலையாட்டினேன். நீங்க பக்கத்துல நிக்கும்போது உங்க மேல ஏறி வாசிக்க எனக்கு மனசு வரல. ஞாயித்துக்கிழமை பாத்தேனே, நீங்க கரெக்டாதான வாசிச்சீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "உங்களுக்குத் தலை சுத்தும்னு எனக்குத் தெரியாது. இப்ப போடட்டுமா?"

சச்சிதானந்தன் அவனைப் பார்த்தார். இப்போதும் சொல்லலாம். தலை சுற்றவில்லை தம்பி, நான் உங்களை நம்பவில்லை என்று சொல்லலாம். சொன்னால் குழுவில் தன் இடம் மிஞ்சலாம். ஆனால் அதன் பிறகு அந்தக் கராஜில் எந்த முகத்தோடு இருப்பது? நரேன் காத்திருந்தான். திரைக்கு அப்பால் யாரோ ஒலிவாங்கியில் குலுக்கல் சீட்டு எண்களை வாசித்தார்கள்.

"போடு," என்றார்.

"உங்களுக்கு முடியாத இடத்துல மட்டும்..."

"இல்லை. முழுக்கப் போடு."

இரண்டாம் பகுதிக்கு மேடையேறியபோது தன் கிட்டாரின் ஒலிக் குமிழைக் கடைசிவரை குறைத்து வைத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. கீபோர்டின் இடது பக்கத்திலிருந்து பேஸ் ஓடத் தொடங்கியது. பாட்டு நின்று நிதானமாகப் போனது. அரியரத்தினம் ஒரு வரியையும் விடவில்லை. சச்சிதானந்தன் ஒவ்வொரு சுரத்தையும் வாசித்தார். எதையும் விடவில்லை, எங்கும் பிந்தவில்லை. ஒலி எங்கும் போகவில்லை. ஆனால் மரம் அதிர்ந்தது. கிட்டாரின் தலையில் கவ்வியிருந்த டியூனரில் முள் அவர் விரலுக்கு விரல் எழுந்து, ஒவ்வொரு முறையும் அதே சிவப்புக் கோட்டைத் தொட்டது. அந்த மண்டபத்தில் அவர் வாசித்ததை அறிந்தது அது ஒன்றுதான்.

வீடு திரும்பும்போது குமுதினி காரை ஓட்டினாள். தலை சுற்றியது என்று அரியரத்தினம் அவளிடம் சொல்லியிருந்தார். சச்சிதானந்தன் இடது பக்க இருக்கையில் இருந்ததால் அவருடைய நல்ல காது அவள் பக்கம் இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கார் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு இடத்தில பாட்டுக்குள்ள ஒரு பள்ளம் விழுந்தமாதிரி இருந்தது," என்றாள் அவள். "எல்லாச் சத்தமும் இருந்தது, ஆனா காலுக்குக் கீழ ஒண்டும் இல்லாதமாதிரி. அதுதானோ உங்கட சத்தம்?"

"ஓம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். புதிதாகத் தெரிந்துகொண்ட ஒன்றைப் பத்திரப்படுத்துவதுபோல.

"அதுக்குப் பிறகு நான் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தனான். இடைவேளைக்குப் பிறகு கடைசிமட்டும் நல்லா இருந்தது."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. முன்னால் ஒரு பஸ் யாரையோ இறக்கிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் கிட்டார் அதன் பையில் படுத்திருந்தது. சொல்லாமல் விட்டால் இந்த ஒன்றாவது அவளிடம் இருக்கும் என்று நினைத்தார். பிறகு, இரவுகளில் அவள் விழித்துக்கொண்டு என்ன பிழை விட்டேன் என்று யோசித்ததை நினைத்தார்.

"அது நான் இல்லை," என்றார். "நரேன்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்கள் அங்க நிண்டு என்ன செய்தனீங்கள்?"

விளக்கு மாறியது. பின்னால் வந்த கார் ஒலிப்பானை அழுத்தியிருக்க வேண்டும், அவள் திடுக்கிட்டு முன்னால் பார்த்தாள்.

"வாசிச்சனான்," என்றார் சச்சிதானந்தன்.